மலிவு விலைப் பொம்மை இரயில் ஏன் மறைந்தது? – ஒரு வரலாற்றுப் பார்வை



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை விளக்குவதற்காக வீட்டிலிருந்து ஒரு சிறு தகரப் பெட்டியை எடுத்துச் சென்றிருந்தேன். அது பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நான் வாங்கிய பொம்மை இரயில் பெட்டி. ஒரு சாண் நீளம்கூட இல்லை. நான்கு சக்கரங்களுள் ஒன்று வளைந்திருந்தது. சிவப்பு நிறம் பாதி உதிர்ந்திருந்தாலும் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருந்த கதவும் ஆணிகளும் தெளிவாகவே தெரிந்தன. அடியில் ஒரு வட்டம். வட்டத்திற்குள் 'மார்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள். அவற்றின் பின்னே பெரிய பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்து. சேர்த்துப் படித்தால் 'மார்க்ஸ்' என்று வரும்.

பெட்டி கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றி வந்தது. இதைச் செய்த நிறுவனம் ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய பொம்மை நிறுவனமாக இருந்தது என்றும், குறைந்த விலையில் இரயில்களை விற்றது என்றும், பின்னர் மூடப்பட்டுவிட்டது என்றும் கூறினேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, விலை குறைவா இருந்தா நிறைய பேரு வாங்குவாங்கதானே? அப்புறம் ஏன் மூடினாங்க?"

அந்தக் கேள்விக்கு உடனே ஒரு விடை சொல்லிவிட்டேன். "காலம் மாறிவிட்டது" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அமர்ந்தான். ஆனால், அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. காலம் எல்லாருக்கும்தான் மாறியது. அதே காலத்தில் விலையுயர்ந்த இரயில்களைச் செய்த நிறுவனத்தின் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது. மலிவாகச் செய்தவரின் பெயரே மறைந்தது. அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முழு விடையை இங்கு எழுதிப் பார்க்கிறேன்.

லூயிஸ் மார்க்ஸ் என்னும் மனிதர்

மார்க்ஸ் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் காரல் மார்க்ஸ். இவர் வேறு. இவர் பெயர் லூயிஸ் மார்க்ஸ். 1896-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தவர். முதலாளித்துவத்தை எதிர்த்தவர் அல்லர். அதிலேயே பெருஞ்செல்வம் ஈட்டியவர்.

இளமையில் இவர் ஃபெர்டினாண்ட் ஸ்ட்ராஸ் என்பவரின் பொம்மை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சாவி கொடுத்தால் ஆடும், ஓடும், ஏறும் தகரப் பொம்மைகளை அந்நிறுவனம் செய்துவந்தது. அங்கே தொழிலின் நுட்பங்களைக் கற்றுக்கொண்ட லூயிஸ், 1919-ஆம் ஆண்டு தம் சகோதரர் டேவிட்டுடன் சேர்ந்து சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர்களிடம் தொழிற்சாலை கிடையாது. ஒரு பொம்மையை எப்படிக் குறைந்த செலவில் செய்யலாம் என்று கணக்கிட்டு, பிறரைச் செய்யவைத்து, பெரிய கடைகளுக்கு விற்றுக் கொடுக்கும் இடைத்தரகர்களாகவே இருந்தனர். பின்னர்ப் பழைய முதலாளி ஸ்ட்ராஸின் நிறுவனம் நொடித்தபோது, அவருடைய பொம்மை அச்சுகளை வாங்கி அதே பொம்மைகளை விற்றுப் பொருளீட்டினர்.

இரயில் தொழிலுக்குள் அவர் நுழைந்ததும் இதே வழியில்தான். பென்சில்வேனியா மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகே ஜிரார்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த ஒரு தொழிற்சாலை 1920களின் இறுதியில் 'ஜாய் லைன்' என்னும் பெயரில் மலிவான தகர இரயில்களைச் செய்துவந்தது. அவற்றை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு மார்க்ஸிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அத்தொழிற்சாலை தடுமாறியபோது மார்க்ஸ் அதைத் தம்வசமாக்கிக்கொண்டார். 1930களின் நடுவில் மார்க்ஸ் இரயில்கள் கடைகளுக்கு வரத் தொடங்கின. அவருடைய பிற தொழிற்சாலைகள் ஈரி நகரிலும் மேற்கு வர்ஜினியாவின் கிளென் டேலிலும் இருந்தன.

பொருளாதார மந்தக் காலத்தில் பொம்மை நிறுவனம் எப்படி வளரும் என்று நமக்கு வியப்பு ஏற்படலாம். வேலையிழந்த தந்தைக்கும் பிள்ளை உண்டு; அந்தப் பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் உண்டு. பெரிய விலைக்கு வாங்க இயலாதவர் சிறிய விலைக்கு ஒன்றைத் தேடுவார். விலையுயர்ந்த மின்சார இரயில்களுக்குப் புகழ்பெற்ற லயனல் நிறுவனமே 1934-இல் கடனில் மூழ்கி நீதிமன்ற மேற்பார்வைக்குள் சென்றது. மிக்கி மவுஸ் உருவம் கொண்ட கைவண்டிப் பொம்மை ஒன்றை ஒரு டாலருக்கு விற்றுத்தான் அந்நிறுவனமும் மூச்சு விட்டது. மந்தக் காலத்தில் மார்க்ஸ் பிடித்த இடம் எது என்பதை இந்த ஒரு டாலரே காட்டிவிடுகிறது.

மலிவு எப்படிப் பிறந்தது?

மலிவான பொருள் என்றால் மட்டமான பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மார்க்ஸ் இரயிலைப் பொறுத்தவரை இது நியாயமான மதிப்பீடு அன்று. அவருடைய மலிவு, தொழில் அறிவிலிருந்து பிறந்தது.

முதலாவது, அச்சுமுறை. லயனல் போன்ற நிறுவனங்கள் பெட்டிகளைச் செய்து, வண்ணம் பூசி, உலர்த்தி, உறுப்புகளைத் தனித்தனியே பொருத்தின. மார்க்ஸ் தொழிற்சாலையிலோ தட்டையான தகரத் தகட்டின்மீது முதலிலேயே எல்லா வண்ணங்களும் அச்சிடப்பட்டுவிடும். கதவு, ஆணி, ஏணி, இரயில் நிறுவனத்தின் பெயர், எண் ஆகிய அனைத்தும் படமாகவே இருக்கும். பிறகு அத்தகட்டை இயந்திரத்தில் அழுத்தி வெட்டி மடிப்பார்கள். ஒரு பக்கத்துத் தகர நாக்கை மறுபக்கத்துத் துளைக்குள் நுழைத்து மடக்கினால் பெட்டி தயார். என்னிடமுள்ள பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் திருகாணி ஒன்றுகூட இல்லை. மடக்கிய நாக்குகள் மட்டுமே உள்ளன.

இரண்டாவது, ஒரே அச்சைப் பல்லாண்டு பயன்படுத்துவது. ஆறு அங்குல நீளமுள்ள நான்கு சக்கரப் பெட்டியின் அடிச்சட்டம் ஒன்றுதான். மேலே அச்சிடும் படத்தை மாற்றினால் இன்று பயணிகள் பெட்டி, நாளை பால் ஏற்றும் பெட்டி, மறுநாள் கடைசியில் செல்லும் காவலர் பெட்டி. அவ்வாறே ஒரு மோட்டாரைப் பல இயந்திர உடல்களுக்குள் வைத்தார்கள். 1934-இல் யூனியன் பசிபிக் இரயில்வே எம்-10000 என்னும் நவீன வண்டியை வெளியிட்டது. நியூயார்க் சென்ட்ரல் இரயில்வே 'கொமடோர் வாண்டர்பில்ட்' என்னும் உறையிட்ட நீராவி இயந்திரத்தை ஓட்டியது. செய்தித்தாளில் பிள்ளைகள் படம் பார்த்த அதே வண்டிகளை அடுத்து வந்த மாதங்களிலேயே மார்க்ஸ் தகரத்தில் செய்து கடைக்கு அனுப்பினார்.

மூன்றாவது, விற்பனை முறை. லயனல் நிறுவனம் வண்ண வண்ணமாகப் பட்டியல் நூல் அச்சிட்டு, விளம்பரம் செய்து, தனிக் கடைகள்வழி விற்றது. மார்க்ஸ் பல்லாண்டுகளாக விளம்பரத்திற்கு ஏறக்குறைய எதுவும் செலவிடவில்லை. சியர்ஸ் போன்ற பெரும் விற்பனை நிறுவனங்களிடம் நேரே சென்று மொத்தமாக விற்றார். சியர்ஸ் அவற்றைத் தன் பெயரிலேயே, 'ஆல்ஸ்டேட்' எனவும் 'ஹேப்பி டைம்' எனவும் பெட்டியில் அச்சிட்டு விற்றது.

இந்த மூன்றாவது செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மலிவுக்கு உதவிய இவ்வழியே பின்னாளில் மறைவுக்கும் வழிவகுத்தது. பொம்மை யாருடையது என்பதை வாங்கியவரே அறியாதிருந்தால், அதன்மீது பற்று எங்கிருந்து பிறக்கும்?

உயர்வின் உச்சம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்காவில் உலோகப் பொம்மைகள் செய்வது நிறுத்தப்பட்டது. போர் முடிந்ததும் தொழிற்சாலைகள் மீண்டும் இரயில் செய்யத் தொடங்கின. வீரர்கள் வீடு திரும்பினர், குழந்தைகள் பெருகினர், கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் வட்டமாக ஓடும் இரயில் என்பது அந்நாட்டு வீடுகளில் ஒரு வழக்கமாகவே நிலைபெற்றது. 1955 டிசம்பரில் 'டைம்' இதழ் தன் அட்டையில் லூயிஸ் மார்க்ஸின் படத்தை வெளியிட்டுப் பொம்மை மன்னர் என்று சிறப்பித்தது. அப்போது உலகில் அவரை மிஞ்சிய பொம்மை உற்பத்தியாளர் எவரும் இல்லை. அவருடைய மகள் பெட்ரீசியாவைப் பின்னாளில் மணந்தவர்தான், 1971-இல் பென்டகன் ஆவணங்களை வெளிப்படுத்திய டேனியல் எல்ஸ்பெர்க் என்பது பலர் அறியாத செய்தி.

அந்த உச்சத்திலும் ஒரு வேறுபாடு இருந்தது. லயனல் வாங்கிய சிறுவன் அடுத்த ஆண்டு ஒரு பாலம் கேட்பான். அதற்கடுத்த ஆண்டு புகை விடும் இயந்திரம் கேட்பான். பட்டியல் நூலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குவான். மார்க்ஸ் நிறுவனமும் சில நிலையங்களையும் சைகைக் கம்பங்களையும் விற்றது உண்மைதான். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் மார்க்ஸ் இரயில் என்பது ஒரு பெட்டிக்குள் அடங்கும் முழுப் பரிசு. வாங்கினார்கள், ஓட்டினார்கள், உடைந்ததும் முடிந்தது. பழைய மார்க்ஸ் இயந்திரங்கள் சிலவற்றின் பற்சக்கரம் அகலமாக இருந்ததால் அவை லயனல் தண்டவாளப் பிரிவுகளைக் கடக்க முடியாமல் தடுக்கி நின்றன. மார்க்ஸில் தொடங்கிய சிறுவன் மேலே செல்ல விரும்பினால், பழையதை ஒதுக்கிவிட்டுத்தான் செல்ல வேண்டியிருந்தது.

சரிவு தொடங்கிய விதம்

சரிவுக்குக் காரணம் ஒன்றன்று. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலில், உண்மையான இரயிலே தன் கவர்ச்சியை இழந்தது. 1956-இல் அமெரிக்கா மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்திற்குச் சட்டம் இயற்றியது. 1957-இல் ஸ்புட்னிக் விண்ணில் பறந்தது. 1958-இல் ஜெட் விமானங்கள் கடல் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றன. 1960-ஐ ஒட்டி நீராவி இயந்திரங்கள் முதன்மை வழித்தடங்களிலிருந்து மறைந்தன. 1971-இல் தனியார் நிறுவனங்கள் கைவிட்ட பயணிகள் வண்டிகளை ஏற்று நடத்த அரசாங்கமே அம்டிராக் என்னும் அமைப்பை உருவாக்க நேர்ந்தது. தந்தை இரயிலில் வேலைக்குச் செல்வதைப் பார்த்த பிள்ளை இரயில் கேட்டான்; தந்தை காரில் செல்வதைப் பார்த்த பிள்ளை கார் கேட்டான். பள்ளத்தில் வழுக்கி ஓடும் மின்சாரப் பந்தயக் கார்கள் 1960களில் இரயிலின் இடத்தைப் பிடித்தன.

இந்த அடி எல்லா இரயில் நிறுவனங்கள்மீதும் விழுந்தது. 1953-இல் உச்சத்தில் இருந்த லயனல் சில ஆண்டுகளிலேயே சரிந்து, 1959-இல் நிறுவனரின் கையைவிட்டுச் சென்றது. 'அமெரிக்கன் ஃபிளையர்' இரயில்களைச் செய்த கில்பர்ட் நிறுவனம் 1967-இல் நொடித்தது. ஆனால், மலிவானவர்மீது அடி விழுந்த இடம் வேறு.

எண்ணிப் பாருங்கள். ஓர் இரயில் தொகுதியில் இருபது வெள்ளி இலாபம் பார்ப்பவரின் விற்பனை பாதியாகக் குறைந்தால், அவர் வேதனைப்பட்டாலும் விலையை உயர்த்தியோ செலவைச் சுருக்கியோ நின்றுவிடலாம். ஒரு தொகுதியில் ஒரு வெள்ளி மட்டுமே பார்ப்பவர் எண்ணிக்கையை நம்பியே வாழ்கிறார். அச்சு இயந்திரம், வெட்டும் இயந்திரம், நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஆகிய அனைத்தும் பெரும் எண்ணிக்கைக்காகவே அமைக்கப்பட்டவை. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு பெட்டியின் அடக்கவிலையும் ஏறும். விலையை உயர்த்தவும் இயலாது. குறைந்த விலைக்காக வந்தவர் விலை ஏறினால் நிற்க மாட்டார். (வெள்ளிக் கணக்கு என் எடுத்துக்காட்டே, மாணவர்க்குப் புரிவதற்காகச் சொன்னது.)

இரண்டாவது, பிளாஸ்டிக் வந்தது. முதலில் இது மார்க்ஸுக்கு நன்மையாகவே தோன்றியது. 1950களில் தகரப் பெட்டிகளுடன் பிளாஸ்டிக் பெட்டிகளும் வரத் தொடங்கின. ஆனால், அச்சிட்ட தகரத்தை மலிவாக மடக்கும் கலையில் மார்க்ஸுக்கு இருந்த தனித்தேர்ச்சி பிளாஸ்டிக்கில் பயன்படவில்லை. வார்ப்பு அச்சு ஒன்றை வாங்க வல்ல எவரும் அதே விலையில் அதே பெட்டியைச் செய்ய முடிந்தது. ஹாங்காங்கில் குறைந்த கூலிக்குச் செய்யவும் முடிந்தது. அவருடைய கோட்டை மதில் அவர் கண்ணெதிரிலேயே கரைந்தது.

மூன்றாவது, அளவு சுருங்கியது. எச்ஓ எனப்படும் சிறிய அளவு பரவியது. இதில் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்; பழைய ஓ அளவில் ஏறக்குறைய பாதி. சிறிய அறையிலும் பெரிய ஊரை அமைக்கலாம். இவ்வளவை விரும்பியவர்கள் பொம்மையைக் கேட்கவில்லை. உண்மை வண்டியின் நுணுக்கமான மாதிரியைக் கேட்டனர். ஆணியைப் படமாக அச்சிட்டால் போதாது. ஆணி ஆணியாகவே தெரிய வேண்டும். மார்க்ஸும் எச்ஓ இரயில்களைச் செய்து பார்த்தார். ஆனால், அக்களத்தில் டைகோ முதலிய நிறுவனங்கள் மலிவாகவும் நுணுக்கமாகவும் செய்துவந்தன. அங்கே மார்க்ஸ் மன்னர் அல்லர், பலருள் ஒருவர்.

நான்காவது, கடை மாறியது. கேமார்ட், வால்மார்ட், டார்கெட் ஆகிய மூன்றும் 1962-ஆம் ஆண்டில் தோன்றின என்பது குறிப்பிடத்தக்கது. இத்தகைய தள்ளுபடிக் கடைகளில் வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொண்டு பணம் செலுத்திச் செல்வார். இரயிலை ஓட்டிக் காட்டவோ பழுது பார்க்கவோ ஆள் இல்லை. ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் விற்கும் பெரிய பெட்டியைவிட, ஆண்டு முழுவதும் விற்கும் சிறு பொம்மைக்கே அங்கு இடம் கிடைக்கும். மார்க்ஸ் நிறுவனத்திற்குள்ளேயே இப்போட்டி நடந்தது. 1964-இல் வந்த சண்டையிடும் இயந்திர மனிதர் பொம்மையும், 1969-இல் வந்த 'பிக் வீல்' என்னும் பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டியும் பெருவெற்றி பெற்றன. தொலைக்காட்சி விளம்பரத்தில் அவை பளிச்சென்று தெரியும். வட்டமாக ஓடும் தகர இரயில் அங்கே என்ன செய்யும்?

இந்நிலையில் நிறுவனம் செய்தது, மலிவானதை மேலும் மலிவாக்குவது. எட்டுச் சக்கரப் பெட்டி நான்கு சக்கரமானது. தகரம் பிளாஸ்டிக்கானது. பின்னோக்கி ஓடும் வசதி சில தொகுதிகளில் இல்லாமல் போனது. பொருள் இலேசாக ஆக ஆக, அது உடையும் நாளும் விரைவாக வந்தது. என் பார்வையில் ஒரு தயாரிப்பு உண்மையில் மறையும் கட்டம் இதுவே. தொழிற்சாலைக் கதவு மூடப்படும் நாள் வெறும் சடங்குதான்.

கைமாறிய நிறுவனம்

1972-ஆம் ஆண்டு, 76 வயதை எட்டிய லூயிஸ் மார்க்ஸ் தம் நிறுவனத்தைக் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனத்திற்கு 5 கோடியே 40 இலட்சம் டாலருக்கு விற்று ஓய்வு பெற்றார். காலையில் நாம் கஞ்சி காய்ச்சும் அதே ஓட்ஸ் நிறுவனம்தான். அதனிடம் ஏற்கெனவே ஃபிஷர்-பிரைஸ் என்னும் குழந்தைப் பொம்மை நிறுவனம் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணைபுரியும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால், இரண்டின் வாடிக்கையாளரும் விற்பனைப் போக்கும் வேறு வேறு. அடுத்த ஆண்டே, 1973-இல், எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலையை உயர்த்தியது. இலாபம் மெல்லிய நூலாக இருந்த நிறுவனத்திற்கு இது பேரடி. 1975-இன் இறுதியில் ஈரியிலும் ஜிரார்டிலும் இருந்த தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஜிரார்ட் ஒரு சிற்றூர். தந்தையும் மகனும் தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் மூடப்பட்டால் அவ்வூருக்கு என்ன ஆகும் என்பதைத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைக் கண்ட நம் மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1976-இல் குவாக்கர் ஓட்ஸ் தன் மார்க்ஸ் பிரிவை டன்பீ-கோம்பெக்ஸ்-மார்க்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. மார்க்ஸின் பிரிட்டிஷ் கிளையை 1967-இலேயே வாங்கியிருந்த நிறுவனம் அது. 1980-இல் அதுவும் வீழ்ந்தது. மேற்கு வர்ஜினியாவின் கடைசித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. 1982-இல் லூயிஸ் மார்க்ஸ் காலமானார்.

லயனல் என்ன ஆயிற்று? அதுவும் 1969-இல் ஓர் உணவு நிறுவனத்தின் கைக்கே, ஜெனரல் மில்ஸிடம், சென்றது. இரண்டு இரயில்களும் இரண்டு தானிய நிறுவனங்களிடம் அடைக்கலம் புகுந்தன. ஒன்று பிழைத்தது, மற்றொன்று மாண்டது. லயனல் என்ற பெயரைச் சொன்னதும் கண் கலங்கும் நடுவயதுத் தந்தையர் இருந்தார்கள். சிறுவயதில் வாங்க இயலாததை அவர்கள் பெரியவரானதும் வாங்கினார்கள். மார்க்ஸில் விளையாடி வளர்ந்தவர்களுள் பலரும் வளர்ந்தபின் வாங்கியது லயனலைத்தான்.

மலிவு மட்டும்தானா காரணம்?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழும். மலிவாக விற்பவர் எல்லாரும் அழிந்தே தீர வேண்டுமா? இல்லை என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு.

1950-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்காக, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்கென ரோவெக்ஸ் என்னும் சிறு நிறுவனம் ஒரு மலிவான பிளாஸ்டிக் மின்சார இரயில் தொகுதியைச் செய்தது. 1951-இல் லைன்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய பொம்மை நிறுவனம் ரோவெக்ஸை வாங்கியது. அந்த இரயில் 1952 முதல் 'டிரை-ஆங்' என்னும் பெயரில் விற்பனையானது. 1954-இல் மார்கேட் நகரில் தனித் தொழிற்சாலை எழுந்தது. அக்காலத்தில் உலோகத்தால் செய்யப்பட்ட ஹார்ன்பி டப்லோ இரயில்களே உயர்ந்தவையாகக் கருதப்பட்டன. ஆனால், மலிவான டிரை-ஆங் அவற்றை மிஞ்சியது. 1964-இல் லைன்ஸ் பிரதர்ஸ், ஹார்ன்பியின் உரிமையாளரான மெக்கானோ நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

மலிவானது வென்றது எப்படி? டிரை-ஆங் பெட்டியை மட்டும் விற்கவில்லை. தொகுதியில் தொடங்கிய சிறுவன் தன் கைச்செலவுப் பணத்தில் ஒரு பெட்டியை, ஒரு துண்டுத் தண்டவாளத்தை, ஒரு நிலையத்தைத் தனித்தனியே வாங்கிச் சேர்க்க முடிந்தது. ஆண்டுதோறும் பட்டியல் நூல் வந்தது. மலிவு அங்கே வாசற்படியாக இருந்தது. உள்ளே வீடு இருந்தது.

1971-இல் லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்தது. இரயில் பிரிவை 1972-இல் வாங்கியவர் யார் தெரியுமா? அதே டன்பீ-கோம்பெக்ஸ்-மார்க்ஸ்தான். டிரை-ஆங் என்ற பெயர் வேறொருவரிடம் சென்றுவிட்டதால் இரயில்கள் ஹார்ன்பி என்னும் பெயரை ஏற்றன. 1980-இல் அந்நிறுவனம் வீழ்ந்தபோது மார்க்ஸ் மூழ்கியது. ஹார்ன்பி பிரிந்து கரையேறியது. ஒரே கப்பலில் பயணம் செய்த இருவருள் ஒருவருக்கு மட்டும் நீச்சல் தெரிந்திருந்தது. அந்த நீச்சல், தொடர்ந்து வாங்கும் வாடிக்கையாளர் கூட்டம்.

நிறைவாக

மார்க்ஸின் அச்சுகள் சில பின்னர் கே-லைன் என்னும் நிறுவனத்திற்குச் சென்று வேறு பெயரில் இரயில்களை ஈன்றன. 1990களில் ஆர்வலர் சிலர் மார்க்ஸ் பெயரிலேயே தகர இரயில்களைச் சிறிய அளவில் மீண்டும் செய்தனர். அவை ஏழைப் பிள்ளைக்கான பொம்மைகள் அல்ல. சேகரிப்பவர்க்கான அலங்காரப் பொருள்கள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவன். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரு தீபாவளிக்கு முன்னிரவில் அப்பா பட்டணத்திலிருந்து ஒரு தகர இரயில் வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் லயத்து வாசலில் சிமெண்டுத் தரையில் வட்டமிடும். பால்மரம் சீவிய கைகளால் அவர் சாவி கொடுத்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. பொங்கலுக்குள் சுருள்வில் அறுந்துவிட்டது. அம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். அதைச் செய்தவர் யார் என்று அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

விலையுயர்ந்த பொம்மைகளை மக்கள் பாதுகாக்கிறார்கள். அவை அருங்காட்சியகம் செல்கின்றன. அவற்றைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. மலிவான பொம்மைகளோ விளையாடியே தீர்ந்துவிடுகின்றன. மார்க்ஸ் இரயில் விற்ற இலட்சக்கணக்கான வீடுகளில் நடந்ததும் இதுதான். பெயர் அறியாமல் வாங்கினார்கள்; பெயர் அறியாமலே தூக்கி எறிந்தார்கள். ஆனால், அந்தச் சில மாதங்களில் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

அடுத்த வரலாற்றுப் பாடத்தில் அந்த மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். "தம்பி, விலை குறைவாக இருந்ததால் நிறைய பேர் வாங்கினார்கள் என்று நீ சொன்னது சரி. ஆனால், எல்லாரும் ஒருமுறைதான் வாங்கினார்கள், மறுபடியும் அவர்கள் திரும்பி வருவதற்கு அந்த நிறுவனம் ஒரு வழியை வைக்கவில்லை" என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "ஐயா, அந்தப் பெட்டியை இன்னொரு தடவ பார்க்கலாமா?" என்று கேட்டான்.

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வளைந்திருந்த சக்கரத்தை அவன் விரலால் மெல்ல நிமிர்த்திவிட்டு மேசைமீது உருட்டினான். கொஞ்ச தூரம் ஓடியது.